மக்கு யார்? பிள்ளையா, தராசா?

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு பாய் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். பாத்திரக் கடை வைத்திருப்பவர். பக்கத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவரது மகன், தலையைக் குனிந்தபடி நின்றிருந்தான்.

"ஹஜ்ரத், இவனுக்குப் படிப்பு ஏறவில்லை. கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு. மெல்லக் கற்கும் மாணவர் என்று ஸ்கூலில் சொல்லி விட்டார்கள். இந்த வருடத்தோடு நிறுத்திக் கடையில் உட்கார வைத்து விடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

"அவசரப்படாதீர்கள் பாய். அஸருக்குப் பிறகு கடைக்கு வருகிறேன். கேள்வித்தாளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

கடைக்குப் போனால், படிப்பு ஏறாத அந்தப் பையன் ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர்களைச் சமாளித்துக் கொண்டிருக்கிறான். ஒரு அம்மாவுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்துக் காட்டி, "எண்ணூறு ரூபாய். பத்து பர்சன்ட் போக எழுநூற்று இருபது" என்கிறான். தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

கேள்வித்தாளைப் பிரித்தேன். எல்லாம் ஆங்கிலம். அவன் தொடாமல் விட்ட ஒரு கணக்கைத் தமிழில் கேட்டேன். "1,200 ரூபாய் விலை போட்ட குக்கரை 15 சதவீதம் தள்ளுபடியில் கொடுத்தால் என்ன விலை தம்பி?" அவன் மேலே பார்த்தான். "ஆயிரத்து இருபது."

"அப்புறம் ஏன் எழுதாமல் விட்டாய்?"

"இதில் ஆர்ட்டிகிள் என்று போட்டிருக்கிறதே ஹஜ்ரத்? ஆர்ட்டிகிள் என்றால் ஏ, அன், தி தானே? அதற்கு எப்படி ஆயிரத்து இருநூறு ரூபாய்?"

எனக்குச் சிரிப்பு வந்து விட்டது. பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். ஆங்கில வகுப்பில் 'ஆர்ட்டிகிள்' என்றால் இலக்கணம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கணக்குப் பாடத்தில் அதே சொல்லுக்குச் 'சரக்கு' என்ற பொருளும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்காத ஒரு சொல்லுக்காக, தெரிந்த கணக்குக்கு முட்டை போட்டு விட்டார்கள்!

அன்புச் சகோதரர்களே! அந்தத் தேர்வு எதை அளந்தது? கணக்கையா? இல்லை. அவனது ஆங்கிலத்தை அளந்து, அந்த எடையைக் கணக்கு என்ற பத்தியில் எழுதி வைத்தது. துணியை முழம் போட்டு விட்டு இத்தனை கிலோ என்று பில் போட்டால் நீங்கள் விடுவீர்களா? அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களை எச்சரிக்கத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது என்று வியாபாரிகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் தராசைச் சரி பார்க்கிறோம். பெற்ற பிள்ளையை நிறுக்கும் தராசை என்றைக்காவது சரி பார்த்தோமா?

தராசு இரண்டு பக்கமும் பொய் சொல்கிறது

பதினெட்டு மார்க் பையனுக்கு மட்டும்தான் இந்தத் தராசு அநியாயம் செய்கிறது என்று நினைக்காதீர்கள். தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளைக்கும் அது அநியாயமே செய்கிறது.

நமது ஊர்களில் ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவற்றில் பாடம் எப்படி நடக்கிறது? ஆசிரியை பாடத்தை வாசிக்கிறார். கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளைகள் நோட்டில் காப்பி செய்கிறார்கள். வீட்டில் உருப்போடுகிறார்கள். தேர்வில் அதே கேள்வி, அதே பதில். ஒரு கமா கூட மாறக்கூடாது. முழு மார்க்!

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்று இரவே சோதித்துப் பாருங்கள். முழு மார்க் வாங்கிய ஒரு கேள்வியை எடுத்து, அதே விஷயத்தை வேறு சொற்களில் கேளுங்கள். அல்லது அவன் எழுதிய பதிலில் நடுவில் உள்ள ஒரு வாக்கியத்துக்குத் தமிழில் பொருள் கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் விழிக்கிறார்கள் என்று பார்த்து விட்டு, தொண்ணூற்றைந்துக்கு மிட்டாய் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

இதில் நான் யாரையும் ஏளனம் செய்யவில்லை. நானே இந்த நோயில் விழுந்து எழுந்தவன். மத்ரஸாவில் அரபி இலக்கணச் சூத்திரங்களைத் தண்ணீராக ஒப்பித்து முதல் மாணவன் என்று பெயர் வாங்கினேன். பிறகு ஒரு பயணத்தில் அரபு வியாபாரி ஒருவர், எந்த ஊர் என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. என்னை முதல் மாணவன் என்று சொன்ன தராசும் கோணல் தராசுதான்.

கலிபோர்னியாவில் என்ன நடந்தது?

இது நமது ஊர் நோய் மட்டுமல்ல. ஆங்கிலமே ஆட்சி செய்யும் அமெரிக்காவில் இந்த அநியாயம் நீதிமன்றப் படி ஏறியது.

கலிபோர்னியா மாநிலத்தில் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் படித்தார்கள். வீட்டு மொழி ஸ்பானிஷ். பள்ளியில் அவர்களுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். கேள்வியே புரியாத பிள்ளைகள் பதில் சொல்லவில்லை. உடனே 'மூளை வளர்ச்சி குன்றியவர்கள்' என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் தள்ளினார்கள். ஒன்பது பிள்ளைகள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. அதே பிள்ளைகளை, ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரைக் கொண்டு மறுபடியும் சோதித்தார்கள். பெரும்பாலோர் அந்த முத்திரைக்கான எல்லையைத் தாண்டி விட்டார்கள்! பிள்ளை மாறவில்லை. மூளை மாறவில்லை. கேள்வியின் மொழி மட்டுமே மாறியது. டயானா வழக்கு என்று பேர் பெற்ற இந்த வழக்கு 1970இல் சமரசத்தில் முடிந்தது. இனி வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலக் கல்வித்துறை ஒப்புக் கொண்டது.

அடுத்தது சான் பிரான்சிஸ்கோ. சீன வம்சாவளியைச் சேர்ந்த சுமார் 1,800 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. தனியாகக் கற்றுக் கொடுக்கவும் ஏற்பாடில்லை. 'எல்லோருக்கும் அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பாடம் கொடுக்கிறோம். இதில் என்ன பாரபட்சம்?' என்று நிர்வாகம் வாதாடியது. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற அந்த வழக்கில் 1974இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மொழி புரியாத பிள்ளைக்கு ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது; அவன் கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டவன்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உலகுக்கெல்லாம் நியாயம் போதிக்கும் அமெரிக்கா அதன் பிறகு ஒழுங்காக நடந்து கொண்டதா என்றால், அதுவும் இல்லை. 1998இல் அதே கலிபோர்னியாவில் இருமொழிக் கல்வியைச் சுருக்கும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் கொண்டு வந்தார்கள். 2016இல் மறு வாக்கெடுப்பில்தான் அதை நீக்கினார்கள். நமக்கு வேண்டியது அவர்களது புகழ் அல்ல. அந்தக் கூலித் தொழிலாளிகள் கேட்ட கேள்வி. "என் பிள்ளையை எந்த மொழியில் சோதித்தீர்கள்?" என்று அவர்கள் கேட்டார்கள். கடையும் கட்டடமும் வைத்திருக்கும் நாம் கேட்டோமா?

சட்டம் நம்மைக் கட்டாதாம்!

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 29ஆவது பிரிவு என்ன சொல்கிறது? இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும். பிள்ளை பயமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும். பிள்ளை எதைப் புரிந்து கொண்டான், அதைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும். கவனியுங்கள், 'எவ்வளவு உருப்போட்டான்' என்று சட்டத்தில் இல்லை.

ஆனால் நமது அறக்கட்டளைப் பள்ளிகள் சிலவற்றின் நிர்வாகிகளிடம் இதைச் சொன்னால், "நாம் சிறுபான்மை நிறுவனம். அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது" என்கிறார்கள். 2014இல் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றம் அப்படித்தான் சொன்னது, உண்மைதான். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு கேள்வி எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியதும் உண்மைதான். அது எப்படியும் போகட்டும். சிறுபான்மை உரிமை எதற்காகத் தரப்பட்டது? நமது பிள்ளைகளை நாமே நன்றாக வளர்ப்பதற்கா, அல்லது மற்றவர்கள் செய்யத் தயங்கும் அநியாயத்தை நமது பிள்ளைகளுக்கு நாமே செய்து கொள்வதற்கா?

சட்டம் கட்டும் பள்ளிகளில் மட்டும் எல்லாம் ஒழுங்கா? அதுவும் இல்லை. 2012-13இல் தமிழகத்தில் முப்பருவ முறையோடு இந்தத் தொடர் மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறித் தேர்வுக்கு 60. அருமையான ஏற்பாடு. ஆனால் பல பள்ளிகளில் அந்த நாற்பது என்ன ஆனது? கடையில் வாங்கிய சார்ட்டும், அம்மா வரைந்த படமும், எல்லோருக்கும் முப்பத்தெட்டும்! 2022இல் அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் நிற்கிறான் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் எண்ணம் அதில் இருந்தது. நிறைவேற்றத்தில் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் 'இவன் எங்கே நிற்கிறான்?' என்ற கேள்வியாவது கேட்கப்பட்டது. கட்டணம் வாங்கும் நமது பள்ளிகளில் அந்தக் கேள்வி எங்கே?

வாதமும் பதிலும்

வாதம்: தமிழிலும் உருதுவிலும் பதில் சொல்ல விட்டால் பிள்ளை ஆங்கிலம் எப்போது கற்பான்?

பதில்: ஆங்கிலப் பாடத்தில் ஆங்கிலத்தைக் கறாராகச் சோதியுங்கள். யார் வேண்டாம் என்றது? அறிவியல் பாடத்தில் அறிவியலைச் சோதியுங்கள். ஈரச் சட்டை ஏன் காய்கிறது என்று தமிழில் சரியாக விளக்கிய பிள்ளைக்கு ஆவியாதல் தெரியும். அவனுக்குத் தெரியாதது அதை ஆங்கிலத்தில் சொல்வது. இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதை ஆராய்ந்தார். பேச்சு ஆங்கிலம் சுமார் இரண்டு ஆண்டில் வந்து விடும். பாடப்புத்தக ஆங்கிலம் கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார். அதுவும் வீதியெல்லாம் ஆங்கிலம் பேசும் நாட்டில்! நமது ஊரில்? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஏராளமான பிள்ளைகளுக்கு வீட்டில் உருது, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். மூன்று சுமையைத் தூக்கும் அந்தப் பிஞ்சை மக்கு என்பவர் ஒரு நாள் அந்தச் சுமையைத் தூக்கிப் பார்க்கட்டும்.

வாதம்: பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்? இப்போதே பழகட்டுமே!

பதில்: பொதுத்தேர்வு என்பது வருடக் கடைசி ஐந்தொகை. வகுப்புத் தேர்வு என்பது தினமும் இரவு கல்லாவை எண்ணுவது. தினமும் எண்ணுவது எதற்காக? எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து மறுநாளே அடைப்பதற்காக. தினக் கணக்கை எடுத்து விட்டு ஓட்டையை அடைக்காமல், 'நீ நஷ்டக் கடை' என்று போர்டு மாட்டுபவன் வியாபாரியா?

வாதம்: ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். தனித்தனியாகப் பார்க்க நேரம் ஏது?

பதில்: ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள். ஒருவருக்கு இரண்டு நிமிடம். பத்து நிமிடம் போதும். எட்டே வேலை நாட்களில் நாற்பது பேரும் முடிந்து விடுவார்கள். மத்ரஸாக்களில் இன்றும் என்ன நடக்கிறது? உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் முன்னால் உட்கார வைத்து சபக் கேட்கிறார். தவறிய எழுத்தை அங்கேயே திருத்துகிறார். அது சரியாகும் வரை அடுத்த பாடத்துக்கு விடுவதில்லை. பொருள் புரிந்ததா என்றும் கேட்டிருந்தால் என் கதை வேறாக இருந்திருக்கும். அந்தக் குறையை நீக்கி விட்டு அந்த முறையை எடுத்துக் கொள்ள நமது பள்ளிக்கு என்ன தடை?

ஆசிரியர்களே, இதைச் செய்யுங்கள்!

1. பிள்ளை சேர்ந்த முதல் வாரத்தில் வீட்டு மொழி எது, எந்த மொழியில் வாசிக்க வரும், ஆங்கிலத்தில் எவ்வளவு புரிகிறது என்று எழுதி வையுங்கள். சேர்த்த பிறகு, உதவுவதற்காக மட்டும். சேர்க்கும்போது தேர்வு வைத்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு தடுக்கிறது.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கணக்கு வையுங்கள். ஒன்று பாட அறிவு. மற்றது ஆங்கிலம். ஒன்றின் பற்றை மற்றதில் எழுதாதீர்கள்.

3. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் பாருங்கள். எழுத்துத் தேர்வு நான்கில் ஒன்றைத்தான் காட்டும். படத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். 'கதவைச் சாத்தி விட்டுச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து வா' என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். புரிந்தால் செய்வான். வாய் திறக்க வராத பிள்ளைக்குக் கூட இந்தச் சோதனை செல்லும். பேசாதவன் புரியாதவன் என்று முடிவு கட்டாதீர்கள்.

4. நூறு சொற்கள் கொண்ட பத்தியை வாசிக்கச் சொல்லி, தடுக்கும் சொற்களைக் குறியுங்கள். நியூசிலாந்தின் மேரி கிளே என்ற கல்வியாளர் பரப்பிய முறை இது. 95 சொற்களுக்கு மேல் சரியாக வாசித்தால் அந்தப் புத்தகம் அவனுக்கு எளிது. 90க்குக் கீழே போனால் அது அவனுக்கு மிகக் கடினம். வேறு புத்தகம் கொடுங்கள். அவனைத் திட்டாதீர்கள். வாசித்து முடித்ததும் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரிந்ததா, வெறும் ஓசையா என்று தெரிந்து விடும்.

5. கணக்கு, அறிவியல் கேள்விகளைச் சின்ன வாக்கியத்தில் கேளுங்கள். சொற்பட்டியல் கொடுங்கள். படம் வரைந்து பெயர் குறிக்க விடுங்கள். அங்கே இலக்கணப் பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள்.

6. மார்க்கை மட்டும் போட்டு நோட்டைத் திருப்பித் தராதீர்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்ததும் பிள்ளையின் கண் குறிப்புக்குப் போவதில்லை.

நிர்வாகிகளே, பெற்றோர்களே!

ஆசிரியர் மேல் பழியைப் போட்டு விட்டு நாம் தப்பிக்க முடியாது. கடையில் பில் போடும் பையனுக்குக் கொடுப்பதை விடக் குறைந்த சம்பளத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியைக்குக் கொடுக்கிறோம். ஒரு நாள் பயிற்சிக்கும் அனுப்புவதில்லை. ஆண்டு விழாப் பந்தலுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறோம். பிள்ளை ஆங்கிலத்தில் வரவேற்புரை ஒப்பித்தால் கை தட்டுகிறோம். அவனுக்கு அதன் பொருள் தெரியுமா என்று மேடையில் இருந்த ஒருவராவது கேட்டோமா?

2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக வெயிலில் நின்றவர்கள், தடியடி பட்டவர்கள் நம்மில் உண்டு. இடம் யாருக்காகக் கேட்டோம்? எட்டாம் வகுப்பிலேயே மக்கு என்று முத்திரை குத்திக் கல்லாவில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை எந்த இடஒதுக்கீட்டில் எந்தக் கல்லூரிக்குப் போவான்? கதவைத் திறக்கப் போராடினோம். கதவு வரை வர வேண்டியவனை வாசலுக்கு முன்பே திருப்பி அனுப்புகிறோம்!

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் உள்ள பள்ளிக்குப் போங்கள். தகராறு செய்ய வேண்டாம். நான்கு கேள்விகளை மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். பிள்ளையின் வீட்டு மொழி பதிவேட்டில் இருக்கிறதா? பேசுவதையும் கேட்பதையும் எப்போது சோதித்தீர்கள்? மெல்லக் கற்பவன் என்று எழுதும் முன் அவன் மொழியில் ஒரு முறையாவது கேட்டீர்களா? தவறிய இடத்தைத் திருத்த அடுத்த வாரம் என்ன செய்தீர்கள்? பதிலை எழுதி வாங்குங்கள். ஜமாஅத் கூட்டத்தில் வையுங்கள்.

பாத்திரக் கடை பாய், அந்தக் கேள்வித்தாளையும் மகனையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். கணக்கு ஆசிரியை கேள்விகளைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பையன் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னானாம். மீதி உண்மையாகவே தெரியவில்லை. அதுவும் தெரிந்து கொள்ள வேண்டியதுதானே? அந்த ஆசிரியை நல்லவர். "இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்" என்றாராம். இப்போது அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறான். முதல் சொல், ஆர்ட்டிகிள். பொருள்: சரக்கு.

அவன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். கடையில் உட்கார வைக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை. உங்கள் தெருவில் இன்னும் எத்தனை பதினெட்டு மார்க் பிள்ளைகள் கேள்வித்தாளோடு தலை குனிந்து நிற்கிறார்கள்? போய்க் கேளுங்கள். தராசைச் சரி பாருங்கள். நாளை நம்மிடம் கணக்குக் கேட்கப்படும்.